எக்ஸெல் வண்டியும் மயிற்பீலியும்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் சர்வீஸ் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றால், ஆளே இல்லாமல் ஓடும் வண்டிகள் சில கண்ணில் படும். பின்னாலிருந்து பார்த்தால் பிளாஸ்டிக் குடங்கள் மட்டும்தான்: பச்சை, சிவப்பு, நீலம், ஒன்றின் கழுத்தில் இன்னொன்று கட்டப்பட்டு, ஒரு கோபுரம் தானே நகர்ந்து போவதுபோல் இருக்கும். வண்டி கடந்துபோய்ப் பக்கவாட்டில் தெரியும்போதுதான் குடங்களுக்கு நடுவில் துண்டு கட்டிய ஒரு தலை இருப்பது புரியும். அந்தத் தலைக்கும் கீழே, பெயர் தெரியாத அளவுக்கு மூடப்பட்டு, ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.

குடம் மட்டுமா? முட்டை அட்டை, கோழிக் கூண்டு, வாழை இலைக் கட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன், கல்யாண வீட்டுக்குப் போகும் பிரியாணி தேக்சா, மடக்கு ஏணி, மெத்தை. இது தோல் பட்டறைகளின் நாடு என்பதால் ஷூ அட்டைப்பெட்டிகளும் உண்டு, வெட்டி மிஞ்சிய தோல் துண்டு மூட்டைகளும் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பட்டையில் பெரிய சரக்கு கன்டெய்னரில் போகும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில்லறைச் சரக்கு இரண்டு சக்கரத்தில் போகும்.

தன்மீது தானே ஏற்றிக்கொண்ட சுமைக்கு யார் பொறுப்பு? கேட்க எளிய கேள்விதான். சுமையைப் பற்றிச் சமயங்கள் நிறையப் பேசியிருக்கின்றன, சட்டமும் பேசியிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஏற்றுகிறவன் ஒருவன், சுமக்கிறது இன்னொன்று என்று வைத்துக்கொண்டே பேசுகின்றன. வண்டிக்காரனும் மாடும், முதலாளியும் கூலியும், எஜமானனும் ஒட்டகமும். எக்ஸெல் ஓட்டுகிறவர் இரண்டுமாக இருக்கிறார். காலையில் கயிறு கட்டி லோடு ஏற்றுவதும் அவர், அதற்கப்புறம் அந்த லோடுக்கு அடியில் உட்காருவதும் அவர்.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில், 475ஆம் குறளில் ஒரு வண்டி வருகிறது. அதில் ஏற்றியிருப்பது மயிலிறகு. இறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அதன் அச்சும் முறியும் என்பது பொருள். பரிமேலழகர் இதை வண்டிக்காரனுக்குச் சொன்ன புத்தியாக எடுத்துக்கொள்வதில்லை. எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொள்கிற அரசனுக்கு வேறொன்றைச் சொல்லி விளக்கும் பிறிதுமொழிதல் என்பது அவர் உரை. அப்படியானால் அந்த வண்டி வண்டியே இல்லை. ஆனால் சர்வீஸ் ரோட்டில் நிற்கிறவருக்கு அதை வண்டியாகவே படிக்கத் தோன்றும், அதில் தப்பும் இல்லை.

இன்றைய பீலி இந்தப் பிளாஸ்டிக் குடம். ஐம்பது குடம் ஏற்றினாலும் ஒரு பெரிய ஆளின் எடை வராது, அச்சு முறியப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெங்களூரு பஸ் ஒன்று ஒட்டிப் போகும்போது காற்று முதலில் தள்ளும், பஸ் தாண்டியதும் உள்ளே இழுக்கும். குடங்கள் மொத்தமும் பாய் விரித்ததுபோல் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ளும். கனமான சிமெண்ட் மூட்டை ஏற்றியவருக்கு இந்தப் பயம் கிடையாது. அவருடைய பயம் பிரேக்கில் இருக்கிறது. பின்சக்கர அச்சைத் தாண்டிப் பாரம் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கால் வைக்கிற இடத்தில் முதலில் ஒரு மூட்டையைக் கிடத்திவிட்டுத்தான் பின்னால் கட்டத் தொடங்குவார்கள். வள்ளுவர் எடையின் கூட்டலைப் பார்த்தார். நெடுஞ்சாலையில் கவிழ்ப்பது பல நேரம் எடையல்ல, உருவம்.

இந்த வண்டியும் பெங்களூரு போகும் இதே நெடுஞ்சாலையின் மறுகோடிப் பக்கம் பிறந்ததுதான். ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வெளிவந்தபோது, இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று பெயர் வாங்கியது. அதன் வழிவந்த எக்ஸெல் 100 என்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டி 2015இல் வந்தது. 99.7 சிசி, கியர் கிடையாது, பின் சீட்டைக் கழற்றி வைத்துவிடலாம். ஹெவி டியூட்டி ரகத்துக்குக் கம்பெனி சொல்கிற தாங்கு எடை 130 கிலோ. ஆள், சரக்கு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அறுபது கிலோ ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு மிச்சம் இருப்பது எழுபது. அந்த எழுபதை மதித்து நடக்கும் எக்ஸெல்லை மார்க்கெட் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விலங்கு விஷயத்தில் அரசு எண்ணைச் சொல்லியே எழுதியிருக்கிறது. இழுவை விலங்குகளும் பொதி விலங்குகளும் வதைபடாமல் தடுக்க 1965இல் மத்திய அரசு வகுத்த விதிகள் இன்றும் உண்டு. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, ஒட்டகத்துக்கு 250, அதற்கு மேல் பொதி ஏற்றக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அறவே கூடாது.

வேலூர் வெயிலைத் தெரிந்தவர்கள் கடைசி விதியை இன்னொரு முறை படிப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி சர்வ சாதாரணம். ஆக எழுத்துப்படி, மே மாத மதியம் ஒரு மணிக்குச் சத்துவாச்சாரியில் ஒரு கழுதையின் முதுகில் பொதி வைக்க முடியாது. அதே ஒரு மணிக்கு, அதே ரோட்டில், இரண்டு சிமெண்ட் மூட்டையோடு ஒரு மனிதர் போகலாம். கழுதைக்கு இரங்கிய சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரக்கம் எந்தத் தர்க்கத்தில் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கழுதையால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆகவே அதற்காக வேறு யாராவது சொல்ல வேண்டும். மனிதரால் சொல்ல முடியும் என்று சட்டம் நம்புகிறது.

மனிதரைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. காயம் உண்டாக்கும் அளவு பாரத்தைத் தூக்க யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. வயது வந்த ஆண் ஒருவர் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவைத் தமிழ்நாடு 1973இல் ஒழித்தது. மூன்றிலும் எதிரே இன்னொருவர் இருக்கிறார்: வேலைக்கு வைப்பவர், தூக்கச் சொல்பவர், ஏறி உட்கார்ந்தவர். எக்ஸெல் ஓட்டுகிறவருக்கு எதிரே யார்? வண்டி அவர் பெயரில், தவணையும் அவர் பெயரில்.

தோல் தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர்கள் இவை. இங்கே பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், கேட்கக் கிடைக்கும் ஒரு செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நபிகள் நாயகம் ஒரு தோட்டத்துக்குள் போகிறார். அங்கிருந்த ஒட்டகம் அவரைப் பார்த்ததும் கண்ணீர் விடுகிறது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டு உரிமையாளரை வரவழைக்கிறார். பட்டினி போட்டுக் களைக்கக் களைக்க வேலை வாங்குகிறாய் என்று இது முறையிடுகிறது, இதன் விஷயத்தில் இறைவனுக்கு அஞ்ச வேண்டாமா என்று கண்டிக்கிறார். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மிஞ்சிய பாரம் வைக்கப்படுவதில்லை என்ற குர்ஆனின் வாக்கையும் (2:286) இதையும் சேர்த்து யோசித்தால் ஒன்று தெரிகிறது. முதலாவது இறைவன் வைக்கும் சுமையைப் பற்றியது. ஒட்டகத்தின் மேல் ஏற்றியது மனிதன். இறைவன் அளவு பார்க்கிறான் என்பது, மனிதனும் பார்த்திருப்பான் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. கஷ்டப்படுகிறவரிடம் போய், தாங்க முடியாததை ஆண்டவன் தரமாட்டான் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். தந்தது ஆண்டவன்தானா என்று முதலில் விசாரித்துவிட்டுச் சொன்னால் நல்லது.

அந்த ஒட்டகத்துக்குக் கேட்க ஒரு காது கிடைத்தது. எக்ஸெல் ஓட்டுகிறவரின் முதுகு முறையிட்டால் அதைக் கேட்கும் உரிமையாளரும் அவரேதான்.

சுமப்பவர் வேறு, ஏற்றுபவர் வேறு என்று பிரிக்க முடியாத இந்த நிலையைப் பௌத்தர்கள் வேறொரு வழியில் வந்து தொட்டார்கள். பாலி நிகாயங்களில் ‘பார சுத்தம்’ என்றொரு சிறு சூத்திரம் உண்டு. உருவம், உணர்ச்சி முதலான ஐந்து கந்தங்களே, அதாவது ஆளை ஆக்கும் தொகுதிகளே, சுமை, ஆள் சுமப்பவர், வேட்கை என்பது சுமையைத் தூக்கிக்கொள்வது, வேட்கை அறுவது இறக்கி வைப்பது என்கிறது அது. ஆன்மா என்று ஒன்றில்லை என்று சொல்லிவிட்டுச் சுமப்பவர் என்று ஒருவரைக் காட்டினால் சண்டை வராமல் இருக்குமா? ஆள் என்று ஒன்று உண்டு என வாதிட்ட புத்கலவாதிகள் இந்தச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பௌத்த அறிஞர் வசுபந்து மறுத்தார்: சுமையைத் தவிரச் சுமப்பவர் என்று தனியே யாரும் இல்லை, முந்திய கந்தங்கள் பிந்தியவற்றை அழுத்துகின்றன, அழுத்துவதைச் சுமை என்றும் அழுந்துவதைச் சுமப்பவர் என்றும் சொல்கிறோம், அவ்வளவுதான். அவருடைய மாணவர் என்று மரபு சொல்லும் திக்நாகர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்றும் அதே மரபு சொல்கிறது. இந்தக் குடக் கோபுரத்தைப் பின்னாலிருந்து பார்த்திருந்தால் வசுபந்து சந்தோஷப்பட்டிருப்பார். புத்கலவாதிகள் பக்கவாட்டில் வந்து அந்தத் துண்டு கட்டிய தலையைக் காட்டியிருப்பார்கள்.

வேட்கையைக் காரணமாகச் சொல்லும்போது சூத்திரம் ஏற்றுபவரை உள்ளேயே கண்டுபிடித்துவிடுகிறது. துறவிக்கு அது சரியாக வரலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வேண்டும் என்பதற்காக இன்னும் பத்துக் குடம் சேர்த்துக் கட்டுகிறவரிடம் போய் அது உன் வேட்கை என்று சொன்னால், இலக்கணப்படி பிழை இல்லை, ஆனாலும் சொல்ல வாய் கூச வேண்டும்.

வேலூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் திருவண்ணாமலை. அங்கே 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் சொன்ன பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. அதில் ஒரு ரயில் வருகிறது. ரயில் எல்லாப் பாரத்தையும் இழுத்துப் போகும்போது, ஏறி உட்கார்ந்தவர் தன் சிறு மூட்டையைக் கீழே வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு அவதிப்படுவானேன் என்று அதில் கேட்கிறார். படித்தவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் கேள்வி.

மோட்டார் சைக்கிளில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தயங்கும். ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் தெரியும். கண்ணாடியைக் கேரியரில் கட்டமாட்டார்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, பழைய துணியையோ அட்டையையோ விளிம்பில் மடித்துப் பிடித்து, தொடையின் மேல் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். மொத்த எடையைக் கணக்குப் பார்த்தால் ரமணர் சொன்னதுதான் சரி, யார் பிடித்தாலும் வண்டிக்கு அதே பாரம். ஆனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் அந்த நொடியில் வரும் உதறலை வாங்கிக்கொள்வது பின்னால் இருப்பவரின் முழங்கையும் தோளும். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் வீடு போய்ச் சேர்வது கண்ணாடித் தூள்தான். ரயில் களைக்காது, ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. எல்லாம் வல்லவனை ரயிலாக நினைத்துச் சரணடையச் சொன்னார் ரமணர். தண்டவாளம் இல்லாத வண்டியில் போகிறவர்களின் அவதி வெறும் அறியாமை இல்லை.

யூதர்களின் மிஷ்னாவில், ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்ட நூலில், இந்தக் கேள்விக்கு இன்னும் நெருங்கி வரும் ஒரு வாதம் இருக்கிறது. அதன் வேர் பைபிளின் யாத்திராகமத்தில். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை பொதியோடு விழுந்து கிடந்தால், பார்க்காததுபோல் போகாதே, கூட நின்று உதவு என்பது கட்டளை. மிஷ்னா அறிஞர்கள் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். சொந்தக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, கட்டளை உனக்குத்தானே, நீயே இறக்கு என்றால்? அப்போது உதவ வேண்டியதில்லை. அவன் கிழவனாகவோ நோயாளியாகவோ இருந்தால்? அப்போது உதவியே ஆக வேண்டும். கழுதை தாங்கக்கூடியதற்கு மேல் ஏற்றியிருந்தால்? கலிலேயரான ரபி யோசே சொல்கிறார்: அப்படியானால் உதவும் கடமை இல்லை, கட்டளை பேசுவது தாங்கக்கூடிய சுமையைப் பற்றித்தான்.

முதலில் கேட்கும்போது யோசே கல்நெஞ்சக்காரராகத் தெரிவார். யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேராசையில் அளவு மீறி ஏற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் வழிப்போக்கன் முதுகில் அதைச் சரிசெய்து கொள்ளலாமா? பட்டு மூட்டையோ பழைய பேப்பர் மூட்டையோ, சர்வீஸ் ரோட்டில் எக்ஸெல் சாய்ந்தால் டீக்கடையிலிருந்து வருகிறவர்களில் யாராவது ஒருவர், ‘இவ்ளோ லோடு ஏத்தாதீங்கண்ணே’ என்று சொல்லாமல் இருக்கமாட்டார். அவர்தான் ரபி யோசே. ஒரே வித்தியாசம், அதைச் சொல்லும்போதே அவர் கை மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கும்.

யோசேயின் விதி நிற்பது ஓர் அனுமானத்தின் மேல்: சுமையின் அளவைத் தீர்மானித்தவர் கழுதைக்காரர். ஆம்பூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால் அந்த அனுமானம் ஆட்டம் காணும். ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’களைப் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஊசியால் தைக்கிறார்கள். கூலி ஜோடிக் கணக்கு. கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்து முடித்ததை வாங்கிப் போகும் இடைத்தரகருக்கும் கணக்கு உருப்படியில்தான். அவர் ஒரு நடையில் எத்தனை கட்டு எடுக்கிறார் என்பது அவர் சுதந்திரம் என்று தோன்றும். ஜோடிக்கு இவ்வளவு என்று ஒரு விலையும், லிட்டருக்கு இவ்வளவு என்று பெட்ரோலுக்கு ஒரு விலையும் இருந்தால், பாதி லோடில் போனால் அன்றைக்குக் கைக்காசு போகும் என்று கணக்கே சொல்லிவிடும். எந்த முதலாளியும் ‘இன்னும் ஏத்து’ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

இந்த மாவட்டத்தில் ஒரு முறை, சுமையை ஏற்றியது யார் என்ற கேள்வியை நாட்டின் உச்ச நீதிமன்றமே கேட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும்போது மிஞ்சும் உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கின. ஆலை இறக்கி வைத்த பாரத்தை ஆற்றங்கரை விவசாயி சுமந்தார். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கெடுதல் முழுக்கச் சரியாகிவிடவில்லை. ஆனால் சுமந்து நிற்பவரைப் பார்த்து ‘ஏன் சுமக்கிறாய்’ என்று கேட்காமல், சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போய் ‘யார் இறக்கி வைத்தது’ என்று கேட்கலாம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. ஆற்றுக்கு அந்தக் கேள்வி கிடைத்துவிட்டது. முதுகெலும்புக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு, தோள் உயரத்தில் குறுக்கே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் வைப்பது அது. இறக்கி வைக்க முடியாமல் போன அவள் பாரம், வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை அங்கே இறக்கி வைக்க வைக்கக் குறையும் என்பது நம்பிக்கை. எந்தச் சாஸ்திரமும் பெரிதாக விவாதிக்காத இந்த நம்பிக்கையில் பெரிய தத்துவத் துணிச்சல் இருக்கிறது. ஒருவர் வினையை இன்னொருவர் சுமக்க முடியாது என்று சமயங்கள் பலவும் அடித்துச் சொல்லும் இடத்தில், யாரோ ஒருவருடைய விறகுக் கட்டின் ஓய்வு வேறொருத்தியின் ஆன்மாவுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த விறகுக்காரர் அளவோடு கட்டினாரா, மீறிக் கட்டினாரா என்று கல் கேட்பதில்லை. ரபி யோசேக்கு நம் ஊர்ப் பதில் இதுவாக இருக்கலாம்.

கல்லின் அந்தத் தோள் உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. தலைச்சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். தோள் உயரக் கல்லில் வைத்தால் தனி ஆளாகவே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். எக்ஸெல்லுக்கு அந்த வசதி கிடையாது. சென்டர் ஸ்டாண்டு போட்டுத்தான் லோடு ஏற்றுவார்கள், டியூபை நீளமாகக் கிழித்து எடுத்த ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டுவார்கள், அதுவரை எல்லாம் ஒற்றை ஆள் வேலை. ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதுதான் சிக்கல். பாரம் முழுவதும் ஒரு கணம் எந்தப் பக்கம் சாயலாம் என்று நிற்கும். ‘அண்ணா, லேசா பின்னால புடிச்சித் தள்ளுங்கண்ணா’ என்று போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மிஷ்னாவில் இறக்க உதவுவது எல்லாருக்கும் கடமை, ஏற்ற உதவுவது கடமையா என்பதில்தான் ரபி ஷிமோனுக்கும் மற்றவர்களுக்கும் தகராறு. இங்கே தினமும் கேட்கப்படும் உதவி இரண்டாவதுதான்.

அளவு மீறிய லாரிக்கு எடை மேடை இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். எக்ஸெல்லில் வரும் பாரத்தைத் தராசில் வைத்து எடை பார்க்கும் இடம் பழைய இரும்புக் கடைதான். அங்கே கிலோ கூடினால் கையில் காசு கூடக் கிடைக்கும்.